இருபத்தொன்பதாம் கேள்வி

அப்பா இறந்த செய்தி மிரானிடம் வந்து சேர மூன்று பேருடைய கையெழுத்து தேவைப்பட்டது. காலை ஐந்தரைக்கு ஜெசோன் நகர மருத்துவமனையில் அவர் மூச்சு அடங்கியது. அக்கா சுனோக் தங்கையின் கைபேசிக்கு அழைத்து அழைத்துப் பார்த்தாள். அது முப்பது நாளாக ஓர் இரும்புப் பெட்டிக்குள் அணைந்து கிடந்தது. பிறகு மிரான் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாள். அவர் யாருக்கோ சொல்ல, அவர் வேறு யாருக்கோ சொல்ல, ஒன்பது மணிக்கு நிர்வாகப் பெண் ஒருத்தி தாழ்வாரத்தில் மிரானை நிறுத்தி, "டீச்சர், கொஞ்சம் உக்காருங்க" என்றாள். உட்காரச் சொன்னதுமே மிரானுக்குப் புரிந்துவிட்டது.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் கேள்வி தயாரிக்க உள்ளே போனவர்கள், தேர்வின் கடைசி மணி அடிக்கும்வரை வெளியே வர முடியாது. இந்த வருடம் அவர்களை அடைத்து வைத்திருந்தது மலைமேல் இருக்கும் ஒரு விடுமுறை விடுதியில். வாசலில் 'உட்புறப் பராமரிப்பு நடக்கிறது' என்று பலகை. ஜன்னல்களுக்கெல்லாம் காகிதம் ஒட்டி முத்திரை. சமையலறைக் குப்பையைக்கூட ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு கிளறிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். முள்ளங்கித் தோலில் என்ன கேள்வியை எழுதி அனுப்ப முடியும் என்று கேட்டால், விதி விதிதான் என்பார்கள். எல்லோரும் வீட்டில் வெளிநாட்டுப் பயிற்சி என்று பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள். மிரான் ஆஸ்திரேலியா என்று சொல்லியிருந்தாள். சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்த அப்பாவிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். போய் வா என்று அவர்தான் அனுப்பினார்.

ஆங்கிலத் தாளில் இருபத்தொன்பதாம் கேள்வி அவள் பொறுப்பு. ஒரு பத்தியில் ஐந்து இடங்களில் அடிக்கோடு இருக்கும், தவறான இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அன்றாட ஆங்கிலத்தின் குட்டி வார்த்தைகளில் மிரான் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 'ஆன்', மாலைகளுக்கு 'இன்', மணிக்கணக்குக்கு 'ஃபார்'. பின்னால் பன்மை, முன்னால் 'ஆல்மோஸ்ட் ஆல்வேஸ்' மாதிரி ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றா பலவா என்று அலட்டிக்கொள்ளாத மொழியைப் பேசி வளர்ந்த பிள்ளைகள் இதில்தான் வழுக்கி விழுவார்கள். செருப்புப் போட்டிருப்பவனை ஆங்கிலக்காரன் 'இன் ஸ்லிப்பர்ஸ்' என்பான். "ஆளு செருப்புக்குள்ளயா டீச்சர் இருக்கான்?" என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒருத்தி கேட்பாள். பள்ளியில் அவளுக்கு ஸ்லிப்பர் டீச்சர் என்றே பெயர்.

இரண்டு நாள் முன்னால்தான் அவள் எழுதியிருந்த கேள்வி தள்ளுபடியானது. நாட்டில் விற்கும் பயிற்சிப் புத்தகங்களையெல்லாம் விடுதியின் கீழ்த்தளத்தில் மலையாகக் குவித்து, எங்காவது ஒத்துப் போகிறதா என்று தேடிக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம். அவர்கள் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மிரானின் பத்தி அதில் முக்கால்வாசி இருப்பதைக் காட்டினார்கள். உடனே புதிதாக ஒன்று வேண்டும். ஆங்கிலக் குழுவின் தலைவர் பேராசிரியர் மெங் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். மிரான் ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தாள். ஒரு கிழவர் ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்போடு மலையேறப் போகும் பத்தி. படித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கீழ்த்தளத்துக் கூட்டமும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. மறுநாள் காலை தாள்கள் அச்சுக்குப் போக வேண்டும் என்ற நிலையில்தான் அப்பா போய்விட்டார்.

நெருங்கிய உறவு இறந்தால் சில மணி நேரம் வெளியே விடுவார்கள், கூடவே ஒரு காவலாளி வருவார். மிரானோடு வந்தவர் பாங் என்ற ஓய்வுபெற்ற போலீஸ்காரர். புறப்படும் முன் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பேசுவதெல்லாம் காவலாளியின் காதில் விழ வேண்டும். தேர்வெழுதும் யாரோடும் பேசக் கூடாது. பேசியது தெரிந்தால் அந்தப் பிள்ளை இந்த வருடம் தேர்வெழுத முடியாது. சொந்தப் பிள்ளைகள் யாராவது எழுதுகிறார்களா என்று காகிதம் கேட்டது. அக்கா மகள் நாரே மூன்றாவது முறையாக எழுதப் போவதைப் பற்றி அது கேட்கவில்லை. மிரானும் வாயைத் திறக்கவில்லை.

மருத்துவமனையை ஒட்டிய சாவுக் கூடத்தில் அக்கா கறுப்பு உடையில், தலையில் வெள்ளை ரிப்பனோடு வாசலிலேயே நின்றிருந்தாள். தங்கையைப் பார்த்தாள், அவளுக்கு இரண்டடி பின்னால் நின்ற பாங்கைப் பார்த்தாள்.

"வாம்மா. ஆஸ்திரேலியாவுல இருந்து ரெண்டு மணி நேரத்துல வந்துட்ட. பிளேன ரொம்ப வேகமாத்தான் விடறாங்க."

"அக்கா..."

"கூடவே கங்காருவ வேற கூட்டிட்டு வந்திருக்க."

பாங் இருமினார். காதிலிருந்த கருவியைச் சரி செய்துகொண்டார். அக்காவின் உதடு கோணியது. அடுத்த நொடி தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மிரானும் அழுதாள். பாங்கும் செருப்பைக் கழற்றி, உறையில் போட்ட காணிக்கைப் பணத்தை வைத்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி இருமுறை விழுந்து வணங்கினார். அதைப் பார்த்து மிரானுக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"இந்தப் பொண்ணு யாரு?" என்று பாங் கேட்டார். மூலையில் நாரே ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு. பேக்கரியில வேலைக்குப் போறா" என்று அக்கா கண்ணிமைக்காமல் சொன்னாள். பேக்கரிக்குப் போவது உண்மைதான், காலையில் மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் புத்தகம் என்பதைச் சொல்லவில்லை.

சாப்பாட்டு அறையில் அக்கா தங்கைக்கும் காவலாளிக்கும் காரமான மாட்டிறைச்சி சூப்பை ஊற்றினாள். பாங் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுக்கக் குடித்தார். அக்கா தங்கையின் கிண்ணத்தில் சோற்றைக் கொட்டியபடியே, உதடு அசையாமல் பேசினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சூப்புல உப்பு சரியா இருக்கான்னு கேக்கற மாதிரி கேக்கறேன். இங்கிலீஷ் தாள்ல வர்ற பெரிய பத்தி மெஷினப் பத்தினதுன்னா தலைய ஆட்டு. மனுஷனப் பத்தினதுன்னா கரண்டிய வையி."

"அக்கா, வேணாம்."

"மூணாவது தடவடி. நூறு நாளா கோயில்ல தினமும் நூத்தியெட்டு தடவ விழுந்து கும்பிடறேன், முட்டியப் பாரு. உன்கிட்ட என்ன, வைரமா கேட்டேன்?"

"அப்பா படம் அங்க இருக்கு."

"இருக்கட்டும். பத்து வருஷம் அவருக்கு மூத்திரச் சட்டி எடுத்தது நான். நீ ஞாயித்துக்கிழம வந்து பழம் நறுக்கிக் குடுத்துட்டுப் போவ. அவரு இருந்திருந்தா, பேத்திக்குச் சொல்லுடின்னு உன்ன அதட்டியிருப்பாரு."

"அவரா? அவரு என்னைய எழுந்து வெளிய போன்னு சொல்லியிருப்பாரு."

அக்கா கரண்டியைத் தட்டில் பட்டென்று வைத்தாள். பாங் நிமிர்ந்து பார்த்தார்.

"சூப்புல உப்பு கம்மியாம்" என்றாள் அக்கா. "என் தங்கச்சிக்கு எதுவுமே போதாது சார்."

கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. மிரான் கிண்ணத்தோடு எழுந்து அப்பாவின் படம் இருந்த அறைக்குப் போனாள். பாங்கும் போனார். நாரே படத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். சித்தியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

"சித்தி, தாத்தா கடைசி ராத்திரி என்னையச் சொல்லச் சொன்னாரு. வழக்கமா சொல்லுவேன்ல, அத. எனக்குத் தூக்கமா வந்துச்சு, காலையில சொல்றேன் தாத்தான்னுட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப சொல்றேன்."

சொல்லத் தொடங்கினாள். ஆங்கிலம். ஆன் சண்டேஸ் என் தாத்தா வழக்கமாக மலைக்குப் போவார், ஆல்மோஸ்ட் ஆல்வேஸ் இன் ஸ்லிப்பர்ஸ். படிகளில் மெதுவாக, ஃபார் அவர்ஸ்...

மிரானுக்கு அது தெரிந்த பத்தி. ஆகஸ்ட் மாதம் மருத்துவமனையில் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, மாத்திரைக் கடைக் காகிதத்தின் பின்பக்கத்தில் அவளே எழுதியது. நாரேவுக்குப் பயிற்சிக்காக இப்படி எத்தனையோ தாள்கள் எழுதிக் கொடுத்திருக்கிறாள், நாற்பது இருக்கும். இதில் தாத்தாவைப் பற்றி இருந்ததால் நாரே அவருக்குப் படித்துக் காட்டுவாள். ஸ்லிப்பர்ஸ் என்ற ஒரு சொல்தான் அவருக்குப் புரியும், அது வந்ததும் விழுந்து விழுந்து சிரிப்பார். அதே பத்தியைத்தான், இரண்டு நாள் முன்னால், மெங் எதிரில் உட்கார்ந்து விரல் தட்டிக்கொண்டிருந்தபோது, ஏதோ தன் மண்டையிலிருந்து புதிதாக வருவதாக நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாட்டிலுள்ள எல்லாப் புத்தகத்தையும் புரட்டினார்களே, இந்த மாத்திரைக் காகிதத்தை யார் புரட்டினார்கள்!

சூப்புக் கிண்ணம் சாய்ந்து சிவப்பாக அவள் பாவாடையில் கொட்டியது. நாரே நிறுத்தினாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். பிறகு படத்தின் பக்கம் திரும்பி, மீதியைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தாள்.

"சுட்டுருச்சா டீச்சர்?" என்று பாங் ஈரக் காகிதத்தை நீட்டினார்.

திரும்பும் காரில் அவர் ஒரு படிவத்தை மடிமேல் வைத்துக்கொண்டார். யார் யார் பேசினார்கள், எதைப் பற்றி, எத்தனை நிமிடம். அக்கா, அழுகை, சூப்பில் உப்பு என்று நிதானமாக எழுதினார்.

"அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிச்சே, என்னது அது? எனக்கு ஏ, பி, சிக்கு மேல தெரியாது. நீங்க சொல்றதத்தான் எழுதணும்."

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. உண்மையைச் சொன்னால் நாரேவின் பெயரை இன்று மாலையே கேட்பார்கள், பேக்கரிப் பொய்யும் வெளியே வரும், மூன்றாவது வருடமும் போய்விடும். சொல்லாமல் விட்டால், ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு பிள்ளை முழி பிதுங்கும் கேள்விக்கு நாரே கண்ணை மூடிக்கொண்டு மூன்று மதிப்பெண் வாங்குவாள்.

"பிரார்த்தனை. சர்ச்சுல சொல்றது."

"சர்ச்சா? உங்க அக்கா கையில கோயில் மணிமாலை பாத்தேனே?"

"பொண்ணு மட்டும்தான் சர்ச்சுக்குப் போறா."

பாங் அவளை ஒரு தடவை பார்த்தார். முப்பது வருடம் போலீஸில் இருந்தவர்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஒருத்தர் ஒரு பக்கம்" என்று சொல்லி, 'பிரார்த்தனை, இரண்டு நிமிடம்' என்று எழுதி மடித்துப் பையில் வைத்தார்.

ஐந்து மணிக்கு விடுதிக்குள் நுழைந்ததும், பாவாடையைக்கூட மாற்றாமல் மிரான் நேராக மெங்கின் அறைக்குப் போனாள்.

"புரொபசர், இருபத்தொம்பத எடுத்துடணும்."

"என்ன?"

"அந்தப் பத்திய நான் முன்னாடியே எழுதியிருக்கேன். எங்க ஸ்கூல்ல ஒரு கிளாசுக்குத் தாளா குடுத்திருக்கேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

மெங்கின் கழுத்து நரம்பு புடைத்தது. "நாளைக்குக் காலையில அச்சு! இன்னிக்கு உங்களுக்கு ஞாபகம் வருதா? முப்பது நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க? செருப்பு, செருப்புன்னு..." நடுவில் அவர் கண் அவளுடைய கறுப்பு உடையில் விழுந்தது. குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சுக்கோங்க. அப்பா போன அன்னைக்கே... சரி, அடுத்த வருஷத்துல இருந்து உங்கள எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

எட்டு மணிக்குள் தேனீக்களைப் பற்றி வேறொரு பத்தி தயாராகிவிட்டது. வேறொருவர் எழுதினார். மிரானை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். அவளுக்கு அவமானமாக இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது. நாரேவும் தேர்வெழுதலாம், எந்தப் பிள்ளைக்கும் அநியாயமும் இல்லை. ஒரு சின்னப் பொய்யையும் ஒரு பாதி உண்மையையும் வைத்து இரண்டு பக்கத்தையும் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். அப்பா இருந்தால் மெச்சியிருப்பார் என்றுகூட நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவரை எடுத்த நேரத்தில் அவள் ஓர் அறையில் அச்சுப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

தேர்வு முடிந்த மறுநாள் ஒரு பெட்டி பேரிக்காயோடு அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். நாரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் மாத்திரைக் கடைக் காகிதங்கள், பழைய ரசீதுகள், கிழித்த நோட்டுத் தாள்கள். எல்லாவற்றிலும் மிரானின் கையெழுத்து.

"எப்படிம்மா எழுதின?"

"மூணாவது தடவையும் போச்சு சித்தி."

"அதெப்படி இப்பவே தெரியும்..."

"தெரியும்." நாரேவின் குரலில் அழுகை இல்லை, களைப்புத்தான் இருந்தது. "தாத்தா முன்னாடி நான் அத சொன்னப்போ உங்க முகம் வெளுத்துப் போச்சு. சூப்பு கொட்டுனது கூட உங்களுக்குத் தெரியல. அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், அது வரப்போகுதுன்னு. அம்மாகிட்ட சொன்னேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஒண்ணு வந்தா மத்ததும் வரும்னு அம்மா சொன்னாங்க. சித்தி எனக்குன்னு எழுதிக் குடுத்ததுல இருந்துதான எடுத்திருப்பாங்கன்னு. மத்த புத்தகத்தையெல்லாம் கட்டி வச்சுட்டு, பத்து நாளும் இந்த நாப்பது தாளையும் மனப்பாடம் பண்ணேன். இருபத்தொம்பதுக்கு வந்தேன், தேனீ! இடம் மாத்தி வச்சிருப்பாங்கன்னு முன்னாடி புரட்டினேன், பின்னாடி புரட்டினேன். தாத்தாவத் தேடிட்டே இருந்தேன் சித்தி. கடைசிப் பக்கம் படிக்கறதுக்கே நேரமில்ல."

மிரான் பேரிக்காய்ப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நானாத்தான் கற்பன பண்ணிக்கிட்டேனா? அது அங்க இல்லவே இல்லையா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்தப் பெண் தன் முட்டாள்தனத்தை நொந்துகொண்டு காலம் தள்ளுவாள், அக்காவும் தங்கையும் பழையபடி இருப்பார்கள். காரில் பாங்கிடம் அவ்வளவு சுலபமாக வந்த பொய் இப்போது வரவில்லை.

"இருந்துச்சு. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

நாரே தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். விளிம்புகளைத் தட்டிச் சமன் செய்தாள். அக்கா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னைக்கு எடுத்த?"

"அன்னைக்கு சாயங்காலமே."

"அன்னைக்கே எடுத்துட்டு, பத்து நாளும் புள்ள அதக் கட்டிக்கிட்டு அழ விட்டுட்ட."

"எனக்கெப்படிக்கா தெரியும்? நான் உள்ள இருந்தேன். பூட்டி வச்சிருந்தாங்க. காவலாளிகிட்ட நாரே பேர கூட நான்..."

"உன் கை சுத்தமா இருந்தா சரி உனக்கு. எப்பவுமே அப்படித்தான். பழம் நறுக்கிக் குடுத்துட்டுக் கையக் கழுவிட்டுப் போயிடுவ." அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் மிரான் தாங்கியிருப்பாள். "நாப்பத்தொம்பதாம் நாள் கோயில்ல அப்பாவுக்குச் சடங்கு செய்யறோம். நீ வர வேணாம்."

"அக்கா, எங்கப்பாவும்தான்..."

"வர வேணாம்னேன்."

பேரிக்காய்ப் பெட்டியைச் செருப்பு வைக்கும் இடத்தில் இறக்கி வைத்துவிட்டு மிரான் வெளியே வந்தாள். கதவு பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் நியாயமாக நடந்துகொண்டிருக்கிறாள், அதில் சந்தேகமில்லை, ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு வீடு இல்லாமல் போயிற்று. படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பாவை எடுத்தபோது அவள் இல்லை. இனி அவருக்கு விளக்கேற்றும்போதும் இருக்கமாட்டாள்.